லயத்துப் பிள்ளைகளின் பாதுகாப்பு: தோட்டத்துக்குள்ளேயே தொடங்கக்கூடிய வேலைகள்

இலங்கையின் மலையகத்தில், ஒரு தேயிலைத் தோட்டத்தின் ஒரே டிவிசனில் (தோட்டத்தின் ஒரு பிரிவில்), வரிசை வீடுகளான லயங்களில் வாழும் குடும்பங்கள் தம் பிள்ளைகளைத் துஷ்பிரயோகத்திலிருந்து காக்கவும், நெருக்கடியில் சிக்கிய குடும்பத்தைத் தாங்கிப் பிடிக்கவும் தாமே ஒழுங்குசெய்யக்கூடிய வேலைகளைப் பற்றி இந்த வழிகாட்டி பேசுகிறது. மாதர் சங்கத்தினர், கோயில் கமிட்டியினர், தொழிற்சங்கங்களின் தோட்டத் தலைவர்கள், பிள்ளைக் காம்பிராவில் (தாய்மார் வேலைக்குப் போகும்போது சிறுபிள்ளைகளைப் பராமரிக்கும் நிலையத்தில்) பணியாற்றுபவர்கள், ஆசிரியர்கள், பாடசாலையில் உயர்தரம் முடித்துவிட்டுத் தோட்டத்தில் இருக்கும் இளைஞர்கள், இளம்பெண்கள் ஆகியோரை மனத்தில் கொண்டே இது எழுதப்படுகிறது.

அடித்துக் காயப்படுத்துவது, பாலியல் தீங்கு செய்வது, ஓயாமல் இழித்துப் பேசி மனத்தை உடைப்பது, உணவும் மருந்தும் கவனிப்பும் இல்லாமல் விட்டுவிடுவது ஆகிய அனைத்தும் துஷ்பிரயோகமே. 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தச் சட்டம், தம் பொறுப்பில் உள்ள 18 வயதுக்குட்பட்ட பிள்ளையை வேண்டுமென்றே தாக்குவதையும், கொடுமைப்படுத்துவதையும், புறக்கணிப்பதையும், கைவிடுவதையும் குற்றமாக்கியது. ஆனால் சட்டம் பெரும்பாலும் தீங்கு நடந்த பிறகே வருகிறது. தீங்கு செய்பவரும் பெரும்பாலும் பிள்ளைக்கு நன்கு அறிமுகமானவராகவே இருக்கிறார்; வீட்டுக்குள் வந்து போகும் உறவினராக, பக்கத்துக் காம்பிராக்காரராக (காம்பிரா என்பது லயத்தில் ஒரு குடும்பம் வாழும் அறைவீடு), சில வேளைகளில் பெற்றவராகவே இருக்கிறார். ஆகவே, பிள்ளை பாதுகாவலின்றி இருக்கும் நேரத்தைக் குறைப்பதும், பெற்றோர் தாங்க முடியாத நிலைக்குத் தள்ளப்படும் நேரத்தைக் குறைப்பதும் அயலவரின் முதல் வேலை. தீங்கு நடந்துவிட்டால் அதைத் தோட்டத்துக்குள் பேசி மூடாமல் வெளியே கொண்டுசெல்வது இரண்டாவது வேலை.

முதலில் நேரத்தை எழுதிப் பாருங்கள்

சந்தேகத்துக்குரிய ஆட்கள் யார் என்று தேடத் தொடங்கினால் வீண் பகையே மிஞ்சும். அதற்குப் பதிலாக, காலையில் தொழிலாளரை வேலைக்குப் பிரித்தனுப்பும் பெரட்டு நேரம் தொடங்கி, மாலையில் கொழுந்து நிறுத்து முடித்துத் தாய்மார் லயத்துக்குத் திரும்பும் நேரம் வரை, டிவிசனில் உள்ள ஒவ்வொரு பிள்ளையும் எங்கே, யாருடன் இருக்கிறது என்பதை ஒரு பெரிய தாளில் குறித்துப் பாருங்கள். பால் குடிக்கும் பிள்ளைகளும் சிறுபிள்ளைகளும் பிள்ளைக் காம்பிராவில் இருப்பார்கள். பெரிய பிள்ளைகள் பாடசாலையில் இருப்பார்கள். இடைவெளி தெரிவது அதற்குப் பிறகுதான்: பாடசாலை பிற்பகல் ஒன்றரை, இரண்டு மணிக்குள் முடிந்துவிடுகிறது, தாய் வீடு திரும்ப ஐந்து மணியாகிறது. அந்த மூன்று மணி நேரத்தில் எட்டு வயதுப் பிள்ளை பூட்டிய வீட்டின் இஸ்தோப்பில் (முன் விறாந்தையில்) புத்தகப் பையோடு உட்கார்ந்திருக்கிறது. அல்லது மூத்தவள் என்பதற்காகப் பதினொரு வயதுச் சிறுமி தம்பியைப் பிள்ளைக் காம்பிராவிலிருந்து தூக்கி வந்து, அடுப்பு மூட்டிச் சோறாக்குகிறாள். கைக்காசுக்கு (பறித்த கொழுந்தின் எடைக்கேற்ற பணத்துக்கு) வேலை செய்யும் ஞாயிற்றுக்கிழமைகளில் பாடசாலையும் இல்லாததால் இந்த இடைவெளி நாள் முழுவதுமாக நீண்டுவிடுகிறது.

தாய்மாரைக் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. கொழுந்து குறைந்தால் அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) மட்டுமே விழும் என்று தெரிந்த தாய், பிள்ளையைப் பார்க்க மலையிலிருந்து இடையில் இறங்கி வர முடியாது. ஆகவே அந்த இடைவெளியைத் தனியொரு தாயின் தலையில் சுமத்தாமல் லயம் முழுவதும் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

நேரத்தோடு இடத்தையும் குறியுங்கள். தண்ணீர் பிடிக்கும் பீலிக்குப் போகும் வழி, லயத்துக்குப் பின்னால் தள்ளியிருக்கும் மலசலகூடம், தேயிலைக்குள் புகுந்து பாடசாலைக்குச் செல்லும் குறுக்குப் பாதை, ஆளில்லாமல் கிடக்கும் காம்பிரா, கசிப்பு என்னும் கள்ளச்சாராயம் விற்கும் இடம், பஸ் நிற்கும் சந்தி ஆகியவற்றைக் குறித்த பின், அங்கு எந்தெந்த நேரத்தில் பயமாக இருக்கிறது என்று பிள்ளைகளிடமே கேளுங்கள். பெரியவர்கள் ஒருபோதும் சொல்லாத இடங்களை அவர்கள் காட்டுவார்கள். மலசலகூடக் கதவுக்கு உள்ளிருந்து போடக்கூடிய ஒரு தாழ்ப்பாள், பீலி வழியில் ஒரு மின்விளக்கு, ஆளற்ற காம்பிராவுக்கு ஒரு பூட்டு ஆகியவை பெரிய செலவில்லாமல் ஒரு வார இறுதியில் முடிக்கக்கூடிய வேலைகள். திருவிழாவுக்கு வசூலிக்கத் தெரிந்த கோயில் கமிட்டிக்கு இது கடினமானதல்ல. ஒரே காம்பிராவில் தாத்தா பாட்டி முதல் விருந்தாளி வரை படுத்துறங்கும் வீடுகளில், வளர்ந்த பெண்பிள்ளைக்குப் பலகையாலோ சேலையாலோ ஒரு தடுப்புப் போட்டுக் கொடுப்பதும் பாதுகாப்பு வேலையே.

பாடசாலை விட்டதும் பிள்ளைகள் கூடியிருக்க ஓரிடம் வேண்டும். கோயில் மண்டபம், வாசிகசாலை, அறநெறிப் பாடசாலைக் கட்டடம் ஆகியவற்றில் எது லயத்திலிருந்து கண்ணுக்குத் தெரியுமோ அதையே தேர்ந்தெடுங்கள். ஓய்வு பெற்ற பெண்கள், மலைக்குப் போகாத தாய்மார், உயர்தரம் முடித்த இளம்பெண்கள் ஆகியோர் முறை வைத்து அங்கு இருக்கலாம். பாடம் நடத்த வேண்டும் என்பதில்லை. வீட்டு வேலையைச் செய்ய விட்டு, ஒரு குவளைத் தேநீரும் ரொட்டியும் கொடுத்து, ஐந்து மணிவரை கண்பார்வையில் வைத்திருந்தாலே போதும். இதில் விட்டுக்கொடுக்கக் கூடாத விதி ஒன்று உண்டு: எந்நேரமும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும், எவரும் ஒரு பிள்ளையைத் தனியே வேறிடத்துக்கு அழைத்துச் செல்லக் கூடாது, கதவு திறந்தே இருக்க வேண்டும். நல்லவர் என்று எல்லோராலும் மதிக்கப்படுபவருக்கும், பிள்ளைகளுக்கு இலவசமாக டியூசன் கொடுக்க முன்வரும் அண்ணனுக்கும் இந்த விதி சமமாகப் பொருந்தும். விதியைக் கேட்டுக் கோபித்துக்கொள்பவரை அந்த வேலைக்கு எடுக்காமல் விடுவதே நல்லது.

குழுவில் யார் இருக்க வேண்டும்

ஐந்து முதல் ஏழு பேர் கொண்ட சிறு குழு போதுமானது. பாதிக்கு மேல் பெண்களாக இருக்கட்டும். பிள்ளைக் காம்பிராவின் சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர், ஓர் ஆசிரியர், மாதர் சங்கத்தில் ஒருவர், வயதில் மூத்த ஒருவர், இளைஞர் ஒருவர் என்று அமைத்தால் டிவிசனின் எல்லாப் பக்கங்களிலிருந்தும் செய்தி வந்து சேரும். பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்தின் ஏற்பாட்டில் தோட்டங்களில் இயங்கும் சிறுவர் அபிவிருத்தி நிலையங்களில் பணியாற்றுபவர்களுக்குப் பிள்ளைகளின் உடலும் முகமும் நாள்தோறும் தெரியும். எந்தப் பிள்ளை மெலிகிறது, எது குளிப்பாட்டப்படாமல் வருகிறது, எதன் முதுகில் தழும்பு இருக்கிறது என்பதை முதலில் காண்பவர்கள் அவர்களே.

தோட்டத் தலைவரின் ஆதரவு தேவை. ஆயினும் குழு அவருடைய சங்கத்தின் கிளையாக மாறிவிடக் கூடாது. ஒரே லயத்தில் இரண்டு மூன்று தொழிற்சங்கங்களைச் சேர்ந்த குடும்பங்கள் இருக்கும் இடத்தில், "அது அந்தச் சங்கத்து ஆட்களின் குழு" என்ற பேச்சு எழுந்த நாளிலேயே பாதி வீடுகளின் கதவு சாத்தப்பட்டுவிடும். குடித்துவிட்டு வீட்டில் அடிப்பவர் என்று அறியப்பட்டவரையும், பிள்ளைகள் தொடர்பில் முன்பு முறைப்பாட்டுக்கு உள்ளானவரையும், எவ்வளவு செல்வாக்கு இருந்தாலும் சேர்க்காதீர்கள். கேட்டதைப் பீலிக்கரையில் பேசுபவர், உள்ளம் நல்லவராக இருந்தாலும், இந்த வேலைக்குப் பொருந்த மாட்டார். எழுதி வைக்க வேண்டியவற்றைச் சுருக்கமாக ஒரு கொப்பியில் எழுதிப் பூட்டி வையுங்கள். வட்ஸ்அப் குழுவில் ஒரு பிள்ளையின் பெயரையோ படத்தையோ ஒருபோதும் போடாதீர்கள்.

இக்குழு தனித்து நிற்க வேண்டியதில்லை. கிராம உத்தியோகத்தர் பிரிவு மட்டத்தில் கிராமிய சிறுவர் அபிவிருத்திக் குழுக்களை அமைக்கும் ஏற்பாடு நன்னடத்தை மற்றும் சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தின் கீழ் இருக்கிறது. பிரதேச செயலகத்துக்குச் சென்று சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரைச் சந்தித்து, உங்கள் டிவிசனின் குழுவை அதனோடு இணைக்கக் கேளுங்கள். அதே கட்டடத்தில் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர், முன்பிள்ளைப்பருவ அபிவிருத்தி உத்தியோகத்தர், உளவளத்துணை உத்தியோகத்தர் ஆகியோரையும் அறிமுகம் செய்துகொள்ளுங்கள். ஆபத்து வந்த நாளில் முதன்முறையாக ஓர் அலுவலகத்தின் படியேறுவதற்கும், ஏற்கனவே முகம் தெரிந்தவரைத் தேடிச் செல்வதற்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு.

குடும்பம் உடையும் முன் கைகொடுப்பது

எந்தக் குடும்பம் தத்தளிக்கிறது என்பது லயத்தில் எவருக்கும் தெரியாத இரகசியமல்ல. பலகைச் சுவருக்கு அப்பால் நடப்பது இப்பால் கேட்கிறது. சம்பள நாள் இரவில் எந்த வீட்டில் சண்டை வரும், தீபாவளி முற்பணம் கழிக்கப்படும் மாதங்களில் எந்த வீட்டில் அடுப்பு எரியாது, எந்தக் கைப்பிள்ளைக்காரி பத்து நாளாக யாரோடும் பேசாமல் இருக்கிறாள் என்பது அயலவருக்குத் தெரியும். தெரிந்தும் "அது அவர்கள் வீட்டு விஷயம்" என்று ஒதுங்குவதே நம் வழக்கமாகிவிட்டது. சாவு வீட்டுக்கு மரண உதவிச் சங்கம் வைத்திருக்கும் நாம், உயிரோடு தவிக்கும் வீட்டுக்குள் போகத் தயங்குவதை நான் ஏற்றுக்கொள்ள முடியாதவனாக இருக்கிறேன்.

போகும்போது அறிவுரையோடு போகாமல் ஒரு வேலையைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். "ஏன்டி பிள்ளையை இப்படி அடிக்கிற?" என்று வாசலில் நின்று கேட்டால், அடி உள்ளே இன்னும் பலமாக விழும். வயதில் மூத்த பெண் ஒருவர் தேங்காய்ப் பாதியோ கீரைக்கட்டோ கொண்டுபோய், குசினியில் உட்கார்ந்து, "தங்கச்சி, ராத்திரியெல்லாம் பிள்ளை அழுத சத்தம் கேட்டுச்சு. நீ தூங்கி எத்தனை நாளாச்சு? பிள்ளையை என்கிட்ட குடு, நீ குளிச்சிட்டுச் சோறு தின்னு, அப்புறம் பேசுவோம்" என்று சொல்லலாம். பிள்ளையை மடியில் வாங்கி ஒரு மணி நேரம் வைத்திருப்பது, அந்த ஒரு மணி நேரத்துக்குப் பிள்ளையையும் தாயையும் காப்பாற்றுகிறது. அதற்குப் பிறகே உண்மையான பேச்சு வரும். தகப்பனாயின், அவர் மதிக்கும் ஆண் ஒருவர், குடித்திராத நேரம் பார்த்து, மலையிலிருந்து இறங்கி வரும் வழியில் தனியாகப் பேச வேண்டும். பலர் கூடி நின்று கண்டித்தால் அவமானத்தின் கோபம் மனைவி, பிள்ளை மீதே திரும்பும்.

பேச்சுக்குப் பிறகு அந்த வீட்டுக்கு எது குறைகிறதோ அதைத் தேடிக் கொடுங்கள். அஸ்வெசும என்னும் அரச நலன்புரிக் கொடுப்பனவுக்கான விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தால் மேன்முறையீட்டை எழுதிக் கொடுப்பது, பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லையாயின் அதற்கு அலைவது, எடை குறைந்த பிள்ளையைக் குடும்ப சுகாதார உத்தியோகத்தரான மருத்துவிச்சி அம்மாவிடம் காட்டித் திரிபோஷ என்னும் சத்துமா பெற்றுக் கொடுப்பது ஆகியவை வெறும் நலன்புரி வேலைகள் என்று தோன்றலாம். ஆயினும் பசியும் கடனும் ஓரளவு தணிந்த வீட்டில் கை ஓங்குவதும் ஓரளவு தணிகிறது. பிள்ளை பெற்ற சில வாரங்களில் தாய் ஓயாமல் அழுதாலோ, "இந்தப் பிள்ளை எனக்கு வேண்டாம்" என்றாலோ, அதைத் திமிர் என்றோ பேய்க்கோளாறு என்றோ விட்டுவிடாமல் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தையும் அழைத்துப் பேசலாம்.

அடிக்காமல் பிள்ளை வளராது என்ற நம்பிக்கையோடும் நாம் பொறுமையாகப் பேச வேண்டியிருக்கிறது. பாடசாலைகளில் உடல்ரீதியான தண்டனையைத் தடைசெய்து கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டே 17ஆம் இலக்கச் சுற்றறிக்கையை வெளியிட்டது. அப்படியிருந்தும் பிரம்பு இன்னும் முழுமையாக மறையவில்லை என்பதற்கு, "நல்லா அடிச்சுப் படிப்பிங்க சேர்" என்று பெற்றோரே அனுமதி கொடுத்துவிட்டு வருவதும் ஒரு காரணம். பெற்றோர் கூட்டத்தில் இதைப் பேசுவதற்கு, தன் பிள்ளையை அடிக்காமல் வளர்த்த உள்ளூர்த் தாய் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். வெளியிலிருந்து வரும் உரையாளரைவிட அவர் சொல்வதே எடுபடும்.

தாய் அடிபடும் வீட்டில் பிள்ளையும் பாதுகாப்பாக இல்லை. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். உடனடியாக 14 நாட்களுக்கு இடைக்காலக் கட்டளையும், விசாரணையின் பின் 12 மாதங்கள் வரையிலான கட்டளையும் கிடைக்கக்கூடும். தீங்கு செய்பவர் வீட்டுக்குள் வரக் கூடாது என்றும் நீதவான் தடைவிதிக்கலாம். காம்பிரா கணவனின் பெயரில் இருப்பதால் தானே வெளியேற வேண்டும் என்று நம்பிப் பல பெண்கள் அடியைச் சகித்துக்கொண்டிருப்பதால், இந்த ஒரு செய்தியை மாதர் சங்கக் கூட்டத்தில் அடிக்கடி சொல்லுங்கள். பெண்களுக்கான 1938 என்ற இலக்கமும், வன்முறைக்கு உள்ளானவர்களுக்கு உதவ அரச வைத்தியசாலைகள் பலவற்றில் இயங்கும் மிதுரு பியச நிலையங்களும் வழிகாட்டும்.

தாய் வெளிநாடு போகும்போது

மத்திய கிழக்குக்குத் தாய் புறப்படும் வீட்டில் எல்லோருடைய கவனமும் பாஸ்போட்டிலும் ஏஜென்ட் பணத்திலும் இருக்கும். பிள்ளையைப் பற்றிய முடிவு "அம்மாயி பாத்துக்குவாங்க" என்ற ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது. அம்மாயிக்குக் கண் மங்கியிருக்கலாம், தகப்பன் குடிக்கலாம், மூத்த மகளுக்குப் பதின்மூன்று வயதாக இருக்கலாம். ஆகவே தாய் புறப்படுவதற்கு முன்பே குழுவினர் இருவர் அவருடன் உட்கார்ந்து, இரவில் பிள்ளைகள் எங்கே, யாரருகில் படுப்பார்கள், அனுப்பும் பணம் யார் கணக்குக்கு வரும், காய்ச்சல் வந்தால் யார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார், பாடசாலைக் கூட்டத்துக்கு யார் போவார், பிள்ளை யாரிடம் தனியாகப் பேசலாம் என்பவற்றை எழுதிக்கொள்ள வேண்டும். இவற்றில் முதல் கேள்விதான் முக்கியமானது. வெட்கத்தால் பெரும்பாலும் கேட்கப்படாமல் போவதும் அதுவே. தாய் வாரந்தோறும் வீடியோவில் அழைக்கும்போது, பிள்ளையோடு மற்றவர் இல்லாமல் பத்து நிமிடம் பேசும் ஏற்பாட்டையும் செய்யுங்கள்.

வேலைக்கென்று பிள்ளையைக் கேட்டு வருபவர்கள்

2021ஆம் ஆண்டு ஜூலை மாதம், கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கு அமர்த்தப்பட்டிருந்த டயகமவைச் சேர்ந்த 16 வயதுச் சிறுமி தீக்காயங்களுடன் வைத்தியசாலையில் உயிரிழந்ததை மலையகத்தில் எவரும் மறந்திருக்க முடியாது. அதே ஆண்டில்தான் வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்தபட்ச வயது 14இலிருந்து 16ஆகச் சட்டத்தில் உயர்த்தப்பட்டது. கட்டாயக் கல்வி வயதும் 16 வரையே. இருந்தபோதிலும் கடைக்கும் வீட்டுக்கும் பிள்ளைகளைக் கேட்டு வரும் தரகர்கள் நின்றுவிடவில்லை. அவர்கள் அந்நியராகவும் வருவதில்லை. ஏற்கனவே கொழும்புக்குப் போன உறவினர் வழியாகவே வருகிறார்கள். சாதாரணதரப் பரீட்சை எழுதாமல் இடைவிலகிய பிள்ளை, கடன்பட்ட வீடு, நீண்ட விடுமுறை ஆகிய மூன்றும் ஒன்றுசேரும்போது அந்த வீட்டைக் குழு கவனிக்க வேண்டும். பிள்ளை பாடசாலைக்கு வராத மூன்றாம் நாளே வகுப்பாசிரியர் குழுவுக்குச் சொல்லிவிடும் ஏற்பாடு இருந்தால், பஸ் ஏறுவதற்கு முன்பே தடுக்க முடியும். ஏற்கனவே அனுப்பப்பட்டுவிட்ட பிள்ளையாயின் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அறிவியுங்கள்.

பிள்ளை வாய் திறக்கும்போது

பிள்ளைகள் துஷ்பிரயோகத்தை நேராகச் சொல்வது அரிது. திடீரென்று ஒருவரின் வீட்டுக்குப் போக மறுப்பது, தூக்கத்தில் சிறுநீர் கழிப்பது மீண்டும் தொடங்குவது, வயதுக்கு மீறிய பாலியல் சொற்களைப் பேசுவது, விளக்கமில்லாத காசும் இனிப்பும் புதிய போனும் கையில் இருப்பது, நடக்கும்போது வலிப்பது ஆகியவை கேள்வி எழுப்ப வேண்டிய அடையாளங்கள். இவற்றில் ஒன்று இருப்பதால் மட்டும் துஷ்பிரயோகம் நடந்துவிட்டது என்றாகாது. ஆயினும் விசாரிக்காமல் விடுவதற்கில்லை.

பாடசாலை விட்டுப் பிள்ளைகள் கூடும் இடத்தில், எல்லோரும் போன பிறகும் ஒரு சிறுமி போகாமல் பாயைச் சுருட்டிக்கொண்டு நிற்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். "அக்கா, நான் இன்னைக்கு உங்க வீட்டிலேயே படுத்துக்கவா?" என்று கேட்கிறாள். அந்தக் கேள்வியே முறைப்பாடாக இருக்கலாம். அவளருகில் தரையில் உட்கார்ந்து, "வீட்டுக்குப் போக மனசில்லையா?" என்று கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். அவள் தொடங்கினால் அவளுடைய சொற்களிலேயே கேளுங்கள். "மாமா அங்க தொட்டாரா?" என்று நீங்கள் சொல்லைப் போட்டுக் கொடுக்காதீர்கள், "அப்புறம் என்ன நடந்துச்சு?" என்பது போதுமான கேள்வி. அலறாதீர்கள், அழாதீர்கள், "இதை ஏன் முன்னாடியே சொல்லல?" என்று ஒருபோதும் கேட்காதீர்கள். "நீ சொன்னது நல்லது. இதில உன்மேல ஒரு தப்பும் இல்ல" என்று சொல்லுங்கள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுக்காதீர்கள்; உதவி செய்யக்கூடிய ஒருவரிடம் மட்டும் சொல்ல வேண்டியிருக்கும் என்பதை அவளுக்கு விளக்குங்கள். அவள் போன பின், அவள் சொன்னதை அவள் சொன்னவாறே, திகதி, நேரத்தோடு எழுதி வையுங்கள். பிறகு தலைவரும் ஆசிரியரும் பாட்டியும் என்று ஒவ்வொருவராக அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு விசாரிக்கும் வழக்கம் இருக்கிறதே, அதை முற்றாக நிறுத்த வேண்டும். ஒவ்வொரு விசாரணையும் பிள்ளையை மீண்டும் காயப்படுத்துவதோடு வழக்கையும் பலவீனப்படுத்துகிறது.

அறிவிப்பதும் அதற்குப் பின்னரும்

1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் உருவாக்கப்பட்ட தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கம் 24 மணி நேரமும் இலவசமாக இயங்குகிறது. தமிழில் பேசலாம், பெயரைச் சொல்லாமலும் தகவல் கொடுக்கலாம். பொலிஸ் நிலையத்தின் சிறுவர் மகளிர் பிரிவிலும் முறைப்பாடு செய்யலாம். பொலிஸின் 109 என்ற இலக்கமும் இதற்கானதே. உடனடி ஆபத்தாயின் 119.

பாலியல் தீங்கோ கடுங்காயமோ நடந்திருந்தால் முதலில் அரச வைத்தியசாலைக்கே செல்லலாம்; அங்கிருந்து பொலிஸுக்கு அறிவிக்கப்படும், சட்ட வைத்திய அதிகாரி பரிசோதிப்பார். அதற்கு முன் பிள்ளையைக் குளிப்பாட்டக் கூடாது. உடுத்தியிருந்த துணியைத் துவைக்காமல், பொலித்தீன் பையில் இடாமல், கடதாசியில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்கப்பட வேண்டியது என்பதால், "நாளைக்குப் பார்ப்போம்" என்று தள்ளிப்போட இடமில்லை.

மொழியால் நம்மவர் இழப்பது மிகுதி. வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டு, வாசித்துக் காட்டப்படாமலேயே கையொப்பம் வாங்கப்படுவதுண்டு. தமிழில் பதியுமாறு கேட்பது உங்கள் உரிமை. அது அந்த நேரத்தில் இயலாது என்றால், சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் சென்று, எழுதியதைத் தமிழில் சொல்லக் கேட்டு, விளங்கிய பிறகே கையொப்பமிடுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் குறித்துக்கொள்ளாமல் நிலையத்தை விட்டு வெளியே வராதீர்கள்.

இனி, தோட்டத்துக்குள் பேசித் தீர்க்கும் வழக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லைச் சண்டையையும் கோழிச் சண்டையையும் தலைவர் தீர்த்து வைக்கலாம். பிள்ளைக்கு எதிரான பாலியல் குற்றத்தைத் தீர்த்து வைக்கத் தலைவருக்கோ தோட்டத்தை நிர்வகிக்கும் துரைக்கோ கோயில் கமிட்டிக்கோ அதிகாரம் கிடையாது. மத்தியஸ்த சபைக்கும் கிடையாது. காசு வாங்கிக் கொடுத்து முடிப்பதும், குற்றம் செய்தவரை வேறு தோட்டத்துக்கு அனுப்பிவிடுவதும், இன்னொரு லயத்துப் பிள்ளையை ஆபத்தில் தள்ளுவதே தவிர வேறில்லை. "பிள்ளையை அவனுக்கே கட்டிக் கொடுத்துவிடுவோம்" என்ற முடிவும் சட்டத்துக்கு முன் நிற்காது: 16 வயதுக்குட்பட்ட சிறுமியோடான உடலுறவு, அவள் சம்மதித்ததாகச் சொன்னாலும், பாலியல் வல்லுறவுக் குற்றமே, திருமண வயது 18. குடும்ப மானம் என்ற பெயரில் ஒரு சிறுமியைத் தீங்கு செய்தவனிடமே ஒப்படைப்பதைவிடப் பெரிய கொடுமையை என்னால் எண்ணிப் பார்க்க முடியவில்லை.

அறிவித்தால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டுபோய்ச் சிறுவர் இல்லத்தில் போட்டுவிடுவார்கள் என்ற பயமே பல தாய்மாரின் வாயைக் கட்டுகிறது. அது ஆதாரமற்ற பயமென்று சொல்ல மாட்டேன். ஆனால் 1939ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ், தகுந்த ஆள் ஒருவரிடம் பிள்ளையை ஒப்படைக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. எனவே முறைப்பாட்டோடு கூடவே, பிள்ளையை வைத்துப் பார்க்க விரும்பும் சித்தியையோ அம்மாயியையோ நன்னடத்தை உத்தியோகத்தரிடம் அழைத்துச் செல்லுங்கள். அந்த வீட்டில் தீங்கு செய்தவருக்கு வழியில்லை என்பதையும், அயலவர் உதவியிருக்கிறது என்பதையும் குழுவினர் எடுத்துச் சொல்லுங்கள். உறவில் ஒரு வீடு தயாராக இருந்தால் இல்லத்துக்கு அனுப்பும் தேவை பெரும்பாலும் குறையும்.

குற்றம் சாட்டப்பட்டவர் தகப்பனாக இருந்தால் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த சம்பளம் நின்றுவிடும். முறைப்பாடு வாபஸ் வாங்கப்படுவதற்குப் பெரும்பாலும் வறுமையே காரணம். முதல் மூன்று மாதங்களுக்கு அரிசி, மா, பாடசாலைச் செலவு ஆகியவற்றை லயத்தில் பங்கிட்டுக்கொள்ளுங்கள். பிள்ளை அதே பாடசாலைக்குத் தொடர்ந்து போகும் வகையில் அதிபரிடம் பேசுங்கள். அவளைப் பற்றிப் பேசும் வாய்களை மூத்த பெண்கள் அடக்க வேண்டும். யாரேனும் மிரட்டினால் அதைத் தனி முறைப்பாடாகப் பதியுங்கள். பாதிக்கப்பட்டவர்களையும் சாட்சிகளையும் பாதுகாக்கும் 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் அதற்கு இடமளிக்கிறது. சட்டத்தரணிக்கு வசதி இல்லாத குடும்பம் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

வழக்கு நீதவான் நீதிமன்றத்திலிருந்து மேல் நீதிமன்றத்துக்குச் சென்று பல ஆண்டுகள் இழுபடக்கூடும். பொகவந்தலாவையிலிருந்தோ மஸ்கெலியாவிலிருந்தோ நுவரெலியாவுக்குத் தவணைக்குப் போகும் தாய்க்கு அன்றைய பேரும் (நாட்சம்பளமும்) போகிறது, பஸ் காசும் போகிறது. ஒவ்வொரு தவணைக்கும் குழுவில் ஒருவர் உடன் செல்லும்படி முறை வையுங்கள்; பஸ் காசுக்கென மரண உதவிச் சங்கத்தைப் போலவே மாதந்தோறும் வீட்டுக்கு ஒரு சிறு தொகை சேருங்கள்; அடுத்த தவணைத் திகதியைக் கொப்பியில் எழுதி, ஒரு வாரத்துக்கு முன்பே அந்தத் தாய்க்கு நினைவூட்டுங்கள்.